பேரன் ரக்பி ஆடுகிறான்: சேலத்துத் தாத்தா பாட்டிகள் கேட்கும் கேள்விகள்

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தது கபடி. மகள் குடும்பம் நியூசிலாந்தில் ஹாமில்டன் ஊரில் குடியேறியிருக்கிறது. பேரனும் பேத்தியும் அங்கே ஒரு கிளப்பில் ரக்பி ஆடுகிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அவர்களோடு மைதானத்துக்குப் போய் நின்றிருக்கிறேன். ஊர் திரும்பியதிலிருந்து காந்தி ஸ்டேடியத்தில் நடக்கப் போனாலும் சரி, அம்மாபேட்டையில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, “மாஸ்டர், எங்க பேரனும் அதைத்தான் ஆடுறானாம், அது என்னங்க ஆட்டம்?” என்று யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். நர்ஸ் வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் சேலத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். சொல்வதெல்லாம் நியூசிலாந்துக்கானது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்றால் வயது வரம்புகள் கொஞ்சம் மாறும்.

முதலில், இது என்ன ஆட்டம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணிப் பக்கத்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ‘ட்ரை’, 5 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் 2. பந்து வைத்திருப்பவனைப் பிடித்துக் கீழே விழவைப்பது ‘டேக்கிள்’. பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு பக்கம் 15 பேர். வீடியோவில் பார்க்கும்போது எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடப்பது போலத் தெரியும். அதற்கும் விதி இருக்கிறது. அதை இங்கே விளக்கப் போனால் நமக்கு இட்லி ஆறிவிடும்.

ஆறு வயசுப் பிள்ளையையுமா இழுத்துத் தள்ளுவாங்க?

இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே ‘ரிப்பா ரக்பி’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இடுப்பில் ஒரு பெல்ட், அதில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தொங்கும் இரண்டு துணிப்பட்டைகள். பந்தோடு ஓடுகிறவனின் பட்டையை உருவிவிட்டால் அவன் பிடிபட்டதாகக் கணக்கு. உடனே பந்தைத் தன் அணியில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆளைப் பிடிப்பது, தள்ளுவது எதுவும் கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுவார்கள்.

பொதுவாக 6, 7 வயதில் ரிப்பா, ஒரு பக்கம் 7 பேர். அடுத்து டேக்கிள் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கும்போது 10 பேர், சின்ன மைதானம். 11 வயது வாக்கில்தான் 15 பேர் ஆட்டத்துக்குப் போவார்கள். அந்தந்த மாகாண ரக்பி யூனியனைப் பொறுத்து இதில் ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கும். பந்தும் வயதுக்கேற்ற அளவில்தான் தருவார்கள். இங்கிலாந்தில் 9 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில்தான் டேக்கிளைத் தொடங்குகிறார்கள்.

ஆகவே போனில் ‘ரக்பி’ என்றதும் பயந்துவிடாமல், ‘ரிப்பாவா, டேக்கிளா?’ என்று முதலில் கேளுங்கள். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

என் பேரன் ஊரில் இருந்தபோது கபடி ஆடியவன். அது கைகொடுக்குமா?

கைகொடுக்கும், ஒரு இடத்தில் காலையும் வாரும்.

கைகொடுப்பது எங்கே என்றால், எதிராளியின் இடுப்பையும் காலையும் பார்க்கிற கண். தோளையும் தலையையும் ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பு ஏமாற்றாது என்பது கபடி ஆடிய பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாழ்ந்து போய்ப் பிடிக்கவும் தெரியும். நியூசிலாந்தில் 2023 முதல் உள்ளூர் ஆட்டங்களில் டேக்கிளின் உயரத்தைக் குறைத்து, முதலில் பிடிப்பவர் நெஞ்செலும்புக்குக் கீழேதான் குறிவைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கழுத்துக்கு மேல் கை போவது எங்குமே தப்பு. நம் பிள்ளைகள் தொடையையும் இடுப்பையும்தானே பிடித்துப் பழகியவர்கள், இந்த விதி அவர்களுக்குச் சாதகம்.

கால் வாருவது எங்கே என்றால், விடுவதில். கபடியில் பிடித்த பிடியை விசில் ஊதும்வரை விடக் கூடாது. ரக்பியில் ஆள் கீழே விழுந்த உடனே விட்டுவிட்டு எழுந்து விலக வேண்டும். விடாமல் கட்டிக்கொண்டு கிடந்தால் எதிரணிக்குப் பெனால்டி. என் பேரனுக்கு இதில் நிறைய விசில் கிடைத்தது. அப்புறம் இன்னொன்று, டேக்கிளில் தலையை எங்கே வைக்கிறோம் என்பது உயிரான விஷயம். எதிராளி ஓடும் பாதைக்குக் குறுக்கே தலையைக் கொடுக்கக் கூடாது. தலை அவன் உடம்பின் பின்பக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், கன்னம் அவன் இடுப்போடு. அங்குள்ள கோச்கள் பயிற்சியில் இதை மண்டியிட்ட நிலையில் தொடங்கி, பிறகு நடந்து, பிறகுதான் ஓடவிட்டுப் பழக்குகிறார்கள். பார்த்தபோது நல்ல முறை என்று தோன்றியது. நம் ஊர்க் கபடிக் களத்துக்கும் கொண்டுவரலாம்.

எங்க பையன் ஒல்லி. அங்க பசங்க மலை மாதிரி இருப்பாங்களே, மாஸ்டர்?

சிலர் இருப்பார்கள். சமோவா, டோங்கா தீவுக் குடும்பங்கள், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்கள், இவற்றின் பிள்ளைகளில் பன்னிரண்டு வயதிலேயே என் தோள் உயரத்துக்கு வளர்ந்தவர்களைப் பார்த்தேன். அதனால்தான் ஆக்லாந்து போன்ற இடங்களில் வயதோடு எடையையும் பார்த்துப் பிரிவு வைக்கிறார்கள். பதிவு செய்யும்போதே எடைப் பிரிவு உண்டா என்று மகனையோ மருமகளையோ கேட்கச் சொல்லுங்கள்.

ஒல்லியான பிள்ளைக்கும் இந்த ஆட்டத்தில் இடம் இருக்கிறது. நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸில் பல வருடம், இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்முக்குப் பின்னால் நின்று பந்தைக் கொடுத்த ஆரன் ஸ்மித்தின் உயரம் 171 சென்டிமீட்டர்தான். 2015 உலகக் கோப்பையை வென்ற அணியில் அவர் ஆடினார். தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பியும் ஏறக்குறைய அதே உயரம். 2019, 2023 என இரண்டு உலகக் கோப்பை வென்றவர். நம் பிள்ளைகளைப் பெரும்பாலும் விங் எனப்படும் ஓரத்தில் நிறுத்துவார்கள். அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு பந்துக்காகக் காத்திருப்பது தனிக் கொடுமை. கோச்சிடம் சொல்லி இடம் மாற்றிக் கேட்கலாம், தப்பில்லை.

தலையில் அடிபட்டால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்வதை அங்கே ‘கன்கஷன்’ என்கிறார்கள். மயக்கம் போட்டு விழுந்தால்தான் கன்கஷன் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அது சரியல்ல. மயங்காமலேயே வரலாம். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, மந்தமாக இருப்பது, கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, எல்லாமே அறிகுறிதான். அடி தலையில்தான் பட வேண்டும் என்றும் இல்லை. உடம்பில் விழுந்த அடியால் தலை குலுங்கினாலும் போதும். சில அறிகுறிகள் மறுநாள்கூடத் தலைகாட்டும்.

சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிடுவார்கள். அன்று திரும்பிப் போக முடியாது. பெரிய பிரிவுகளில் நடுவர் நீல அட்டை காட்டுவார்; அதற்கு இதுதான் அர்த்தம். அதன்பின் டாக்டரைப் பார்க்க வேண்டும். 2024-ல் வந்த தேசிய வழிகாட்டுதல்படி, அடிபட்டவர் மறுபடி போட்டியில் இறங்கக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும், டாக்டர் ஒப்புதலும் வேண்டும். அதற்குள் முதலில் ஓய்வு, பிறகு மெல்லப் பள்ளிக்கூடம், பிறகு லேசான ஓட்டம் என்று படிப்படியாகத்தான் திரும்புவார்கள். படிப்புக்குத் திரும்பிய பிறகே ஆட்டம்.

வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், வலிப்பு வந்தாலும், கை கால் மரத்தாலும், எழுப்பவே முடியாத தூக்கம் என்றாலும் காத்திருக்கக் கூடாது. அங்கே அவசர எண் 111.

இதில் சேலத்தில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. “ஒண்ணுமில்லடா, ஆம்பளப் பையன், தாங்கிக்குவே” என்று போனில் சொல்லாதீர்கள். அப்புச்சி அப்படிச் சொன்னார் என்பதற்காகத் தலைவலியை அம்மாவிடம் மறைக்கிற பிள்ளைகள் உண்டு. பாட்டிமார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னால் போடட்டும், டாக்டரிடம் போய்வந்த பிறகு.

வைத்தியச் செலவு?

அங்கே ஏ.சி.சி. என்று அரசு விபத்துக் காப்பீட்டுக் கழகம் ஒன்று 1974-லிருந்து இருக்கிறது. யார்மேல் தப்பு என்று பார்க்காமல் விபத்துக் காயங்களின் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அதுவே ஏற்கும். விளையாட்டில் பட்ட அடியும் அதில் சேரும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் குடும்ப டாக்டரைப் பார்க்கப் பெரும்பாலான கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. பார்வையாளராகப் போகிற நமக்கும் அங்கே விபத்தில் பட்ட காயத்துக்கு ஏ.சி.சி. உண்டு. சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலிக்குக் கிடையாது, அதற்குப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள்.

தலைக்கவசம் வாங்கி அனுப்பட்டுமா?

ரக்பியில் போடும் மெத்தைத் தொப்பி காது கிழிவதையும் தோல் சிராய்ப்பதையும் தடுக்கும். கன்கஷனைத் தடுக்காது. அதைப் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் தலையைக் கொடுப்பதுதான் ஆபத்து.

பல்லுக்குப் போடும் மவுத்கார்டு வேறு, அது கட்டாயம். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்குகிற வகை மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பால் பல் விழுந்து முளைக்கிற வயதில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

அரைஞாண் கயிறு, கம்மல், கோயில் கயிறு?

கம்மல், மூக்குத்தி, காப்பு, செயின், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். ஆடுகிறவர் உடம்பில் நகை இருக்கக் கூடாது என்பது ரக்பி விதி. மேலே பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், நடுவர் கழற்றத்தான் சொல்வார். இதனால் ஒரு யோசனை: பேத்திக்குக் காது குத்துவதாக இருந்தால் ஆட்டம் முடிந்த பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரக்பி ஏப்ரலில் இருந்து ஆகஸ்ட் வரை. குத்திய புதிதில் கம்மலைக் கழற்றவும் முடியாது, போட்டுக்கொண்டு ஆடவும் முடியாது. கோயில் கயிற்றைக் கழற்ற மனசு வரவில்லை என்றால் கோச்சிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க இந்த ஆட்டம்?

என் மனைவியே கேட்டது. 2022 நவம்பர் 12 அன்று ஆக்லாந்து ஈடன் பார்க்கில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. நியூசிலாந்துப் பெண்கள் அணியான பிளாக் ஃபெர்ன்ஸ் இங்கிலாந்தை 34-31 என்று வென்றார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அந்த ஊரில் வளர்கிற பெண்பிள்ளைக்கு இது ஆண்கள் ஆட்டம் என்று தோன்றவே தோன்றாது.

“வயசுக்கு வந்த பிறகு?” என்பது அடுத்த கேள்வி. வளர்ந்த பெண்களுக்குப் பெண்கள் மட்டும் ஆடும் பிரிவுகள் உண்டு. அரைக்கால் சட்டைக்கு உள்ளே கால் முழுக்க மூடும் டைட்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஆடுவதா வேண்டாமா என்பதைப் பேத்தி முடிவு செய்யட்டும். சேலத்திலிருந்து நாம் முடிவு செய்ய வேண்டாம்.

குளிரில் அரைக்கால் சட்டையோடு நிறுத்துகிறார்களே?

ஏற்காட்டு டிசம்பரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஹாமில்டனில் ஜூலை மாதக் காலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஓடி ஆடுகிற பிள்ளைக்கு அவ்வளவாகக் குளிராது, நின்று பார்க்கிற நமக்குத்தான் எலும்பு நடுங்கும். பிள்ளைக்குச் சட்டைக்குள் ஒரு தெர்மல் பனியன் போதும். சில ஊர்களில் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடே ஆடுவார்கள். அது அங்குள்ள பழைய வழக்கம், பூட்ஸ் வாங்க வழியில்லாமல் இல்லை. மகனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.

பெற்றோர் இருவருக்கும் வேலை. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டால் போதாதா? ஏன் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கிறார்கள்?

இங்கே கோச்சிங் சென்டர் வாசலில் இறக்கிவிட்டு, முடிந்ததும் கூட்டிவருகிறோம். பணம் கட்டினோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது கணக்கு. அங்கே ஜூனியர் கிளப்பில் சம்பளத்துக்கு ஆள் யாரும் இல்லை. கோச் இன்னொரு பிள்ளையின் அப்பா. மேனேஜர் இன்னொரு பிள்ளையின் அம்மா. கோட்டோரத்தில் கொடி பிடிப்பவர், இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுவருபவர், சட்டைகளை வாரம் ஒரு வீடாகத் துவைத்துத் தருபவர், எல்லாரும் பெற்றோர்தான். விட்டுவிட்டு வந்துவிடுகிற பெற்றோரை யாரும் வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் பேச்சுக் குறையும்.

மகள் போன புதிதில் வீட்டுக்கும் ஆஸ்பத்திரி டியூட்டிக்கும் நடுவே யாரையும் தெரியாமல் இருந்தாள். மருமகனுக்கு ஆபீஸில் நாலு பேர், அவ்வளவுதான். கோயிலுக்கும் தமிழ்க் கூட்டத்துக்கும் போனால் நம் ஆட்களைப் பார்க்கலாம், ஆனால் தெருவில் இருப்பவர்களைத் தெரிந்துகொள்ள வழி இல்லை. அது சனிக்கிழமைக் கோட்டோரத்தில்தான் நடந்தது. எந்த வாடகை வீட்டில் ஈரம் ஏறும், எந்தக் கடையில் பழைய ஹீட்டர் கிடைக்கும், நைட் டியூட்டி அன்று பிள்ளையை யார் காரில் ஏற்றிக்கொள்வார்கள், எந்தப் பள்ளியில் எந்த டீச்சர் நல்லவர் என்பதெல்லாம் கையில் காப்பிக் கோப்பையோடு நின்றபடியே தெரியவரும். இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, எல்லார் கண்ணும் பந்துமேல் இருப்பதால் பேச்சில் இடைவெளி விழுந்தால் யாருக்கும் கூச்சமாக இருக்காது. வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதைவிட இது சுலபம்.

ஆகவே உங்கள் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது: கிளப் ஏதாவது வேலை கேட்டால் சின்னதாக ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆட்டம் தெரியாவிட்டால் கணக்குப் பிடிக்கலாம், தண்ணீர்ப் பாட்டில் தூக்கலாம். பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் பொறுப்பு என்றால் போலீஸ் சரிபார்ப்புப் படிவம் கேட்பார்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான்.

தாத்தாமாருக்கு ஒரு குறிப்பு. அங்கே போய் நின்றால் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். உள்ளே நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக் கத்தி வழிசொல்லக் கூடாது, நடுவரிடம் வாதம் கூடவே கூடாது. விசிலோடு நிற்பவர் பல சமயம் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருப்பார். ஆயுள் முழுக்க மைதானத்தில் கத்தியே பழகிய எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆட்டமே வராத பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா? செலக்‌ஷன் உண்டா?

நியூசிலாந்து ஜூனியர் ரக்பியில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்: வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் ஆட வேண்டும். கோச் இரக்கப்பட்டுக் கொடுப்பது கிடையாது, விதியே அப்படி.

நம் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். அறுபது பேர் வகுப்பில் பன்னிரண்டு பேரைக் கபடிக்கு எடுப்போம். மண்டலப் போட்டிக்கு அவர்கள் போவார்கள். மீதிப் பேர் கைதட்டுவார்கள், இல்லை என்றால் அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பதக்கம் வேண்டும் என்றால் இப்படித்தான் செய்ய முடியும் என்று துறையே நம்பியது. அங்கே பன்னிரண்டு வயதுவரை பதக்கத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசக் காணோம். பல இடங்களில் சின்னப் பிரிவுகளுக்குப் புள்ளிப்பட்டியலே போடுவதில்லை. உலகக் கோப்பையை 1987, 2011, 2015 என்று மூன்று முறை வென்ற நாடு அது.

புதிதாகப் போன நம் பிள்ளைக்கு இந்த விதி எவ்வளவு பெரிய உதவி என்று பாருங்கள். வகுப்பில் இங்கிலீஷ் புரியாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவன், சனிக்கிழமை கட்டாயமாக உள்ளே இருக்கிறான். அவனுக்கும் பந்து வந்தே தீரும். திங்கட்கிழமை பள்ளியில் பேச அவனிடம் ஒரு விஷயம் இருக்கும்.

நாங்கள் சைவம். ஆட்டம் முடிந்ததும் ஏதோ கறி சுட்டுத் தருகிறார்களாமே?

சாசேஜ். பெரும்பாலும் மாடு, சில சமயம் பன்றி கலந்தது. ரொட்டியில் வைத்து வெங்காயத்தோடு கொடுப்பார்கள். சாப்பிட மாட்டோம் என்று பருவத்தின் தொடக்கத்திலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரொட்டியும் வெங்காயமும் சாஸும் மட்டும் வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளைகளைப் பார்த்தேன். அசைவம் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளையிடமும் எது என்ன கறி என்று கேட்டு வாங்கப் பழக்கிவிடுங்கள்.

நம் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்றால் தாராளமாக. தட்டுவடை செட் செய்துகொண்டு போனால் பெரியவர்கள் வரிசையில் வந்து வாங்குவார்கள், காரச் சட்னியைக் கொஞ்சம் அடக்கி வைத்தால். ஒரே ஒரு எச்சரிக்கை, நிலக்கடலை. தட்டுவடையிலும் பொடியிலும் கடலை சேர்ப்போம். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்து. கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

நிறத்தை வைத்துக் கேலி செய்வார்களா?

நடக்காது என்று சொல்ல மாட்டேன். மைதானத்திலும் நடக்கும், பள்ளியிலும் நடக்கும். நடந்தால் பிள்ளையைத் தாங்கிக்கொள்ளச் சொல்லாமல் கோச்சிடமோ மேனேஜரிடமோ அன்றே சொல்ல வேண்டும். கிளப்புகளில் புகார் கொடுக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பிள்ளை போனில் திடீரென்று ரக்பியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டால் பாட்டிதான் முதலில் கண்டுபிடிப்பாள், மெல்ல விசாரியுங்கள்.

சனிக்கிழமை ரக்பி என்றால் தமிழ் வகுப்பு என்னாவது?

பல ஊர்களில் வார இறுதியில்தான் தமிழ் வகுப்பு. நேரம் மோதினால் வகுப்பு நடத்துபவர்களிடம் பேசினால் வழி கிடைக்கும். சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் காலையிலேயே முடிந்துவிடும்.

ஆனால் தமிழ் வளர்க்க என்னிடம் வேறு ஒரு வழி இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பேரனைப் போனில் கூப்பிட்டு முழு ஆட்டத்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நமக்கு விதி தெரியாது என்பதே இதில் லாபம். “அதெப்படிடா பின்னாலதான் குடுக்கணும்? அப்ப முன்னால எப்படிப் போவீங்க?” என்று குறுக்குக் கேள்வி போடுங்கள். விளக்கியே ஆக வேண்டும் என்ற வெறியில் அவனுக்குத் தமிழ் தானாக வரும். ‘நழுவுச்சு’, ‘வழுக்கிட்டான்’, ‘மூச்சு வாங்குச்சு’ எல்லாம் என் பேரன் பாடப் புத்தகத்தில் படித்ததில்லை.

எத்தனை மணிக்குக் கூப்பிட வேண்டும்? நேரலையில் பார்க்கலாமா?

ஆட்டப் பருவத்தில் நியூசிலாந்து நமக்கு 6½ மணி நேரம் முன்னால். அங்கே சனிக்கிழமை காலை 9 மணி ஆட்டம் என்றால் சேலத்தில் பின்னிரவு 2.30. விழித்திருக்க வேண்டாம், உடம்பு கெடும். நாம் எழுந்து காப்பி குடிக்கும் 6 மணிக்கு அங்கே 12.30, குளித்துச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அதுதான் சரியான நேரம். செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை அங்கே ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், அப்போது 7½.

அவர்கள் அனுப்பும் வீடியோவில் மற்றப் பிள்ளைகளும் இருப்பார்கள். அதை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகள் படம் வெளியே போவது அங்கே பெரிய விஷயம்.

அப்புறம், முதல் கேள்வியே ‘ஜெயிச்சியா?’ என்று வேண்டாமே. ‘எத்தனை பேரைப் புடிச்சே?’ என்று கேளுங்கள்.

கிரிக்கெட்டை விட்டுவிட்டு இது எதற்கு? நம் சின்னப்பம்பட்டி நடராஜன் மாதிரி வருவான் என்று பார்த்தோம்.

விட வேண்டியதே இல்லை. அங்கே ரக்பி குளிர்காலத்துக்கு, கிரிக்கெட் கோடைக்கு. ஒரே பிள்ளை இரண்டும் ஆடுவது சாதாரணம்.

இதனால் காலேஜ் சீட்டுக்கு ஏதாவது உதவி?

நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீடு மாதிரி நினைத்துச் சேர்க்க வேண்டாம்.

பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால்?

என்ன பிடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். புது இடம், புது முகம் என்ற கூச்சம் என்றால் இன்னும் சில வாரம் போகட்டும். டேக்கிள் பயம் என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது. பயந்துகொண்டு பிடிக்கப் போகிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தலையைத்தான் முதலில் கொடுக்கும், அடிபடுவது அப்போதுதான். அதே குளிர்காலத்தில் கால்பந்து, ஹாக்கி, நெட்பால், கூடைப்பந்து எல்லாம் இருக்கின்றன, அங்கேயும் கோட்டோரத்தில் பெற்றோர் நிற்கிறார்கள். குடும்பம் ஊரோடு ஒட்டுவதற்காகப் பிள்ளையைப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டம் இந்தியாவில் உண்டா?

உண்டு, நாம் நினைப்பதைவிடப் பழையது. கல்கத்தாவில் 1870-களில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தினார்கள். 1878-ல் அதை மூடியபோது வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றுவரை மோதிக்கொள்ளும் ‘கல்கத்தா கோப்பை’ அதுதான். அண்மையில் என்றால், 2007-ல் லண்டனில் நடந்த 14 வயதுக்கு உட்பட்டோர் பள்ளிகள் போட்டியில் புவனேஸ்வரத்திலிருந்து போன பழங்குடிப் பிள்ளைகள் கோப்பை வாங்கினார்கள். 2025 ஜூனில் மும்பையில் முதல் முறையாக நடந்த ரக்பி பிரீமியர் லீகை வென்றது சென்னை புல்ஸ். அது ஒரு பக்கம் 7 பேர் ஆடும் வகை. 2016 முதல் ஒலிம்பிக்கில் இருப்பதும் அந்த வகைதான்.

லீவுக்குச் சேலம் வரும்போது பழக்கம் விட்டுப்போகுமே?

அவர்களுக்குப் பெரிய லீவு டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை. பொங்கல் சமயம். ஓமலூர், எடப்பாடிப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் கபடி நடக்கும், கூட்டிக்கொண்டு போங்கள். தாழ்ந்து பிடிப்பதையும் இடுப்பைப் பார்ப்பதையும் அங்கே கற்கட்டும். பிடித்ததை விடாமல் இருக்கும் பழக்கத்தை விமானம் ஏறும்முன் மறக்கச் சொல்லிவிடுங்கள்.

இங்கிருந்து என்ன கொடுத்தனுப்பலாம்?

பூட்ஸ் வேண்டாம். பிள்ளைக்குக் கால் வளர்ந்துகொண்டே போகும். பல கிளப்புகளில் சிறிதாகிப்போன பூட்ஸை ஒரு பெட்டியில் போட்டுவைப்பார்கள், அளவு பார்த்து எடுத்துக்கொள்ளலாம். சட்டையைக் கிளப்பே தருவது வழக்கம், பருவம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கால்சட்டையும் காலுறையும் கிளப் நிறத்தில் அங்கேயே வாங்க வேண்டியிருக்கும்.

இங்கே ஆடிய ஷூவை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் அடிப்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, மண் ஒரு துளி இல்லாமல் காயவைத்து எடுத்துப் போங்கள். வெளிநாட்டு மண்ணோடு வரும் விதை, கிருமி விஷயத்தில் நியூசிலாந்து மிகக் கறார். அந்நாட்டுக்குள் நுழைய நிரப்பும் அறிவிப்புப் படிவத்தில் (இப்போது பெரும்பாலும் ஆன்லைனில்) விளையாட்டுக் காலணி, உணவுப் பொருள் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லை என்றால் எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. ஆபத்தான பொருளை அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் கட்ட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, தேன், விதைகள், பழங்கள் எதுவும் வேண்டாம். மாம்பழமும் வேண்டாம். மல்கோவாவை இங்கேயே நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், வீடியோ காலில் காட்டி மகனை வெறுப்பேற்றாமல்.